முள்ளங்கியாருக்கு அலைவரிசை எட்டும் இடம்

ரெய்வா ஏழாம் ஆண்டு (2025) ஜூன் 14, சனிக்கிழமை, பிற்பகல் 2 மணி 10 நிமிடம்.
இதுவரை நான் அனுப்பிய அஞ்சலட்டைகள்: 212. நீங்கள் வாசித்தவை: 61. அவற்றில் சக நேயர் முள்ளங்கியார் மறுத்து எழுதியவை: 58.

'சனிக்கிழமை அப்படியா?' நிகழ்ச்சியை நடத்திவரும் மதிப்பிற்குரிய குராஹாஷி அவர்களுக்கு,

பருவகால வாழ்த்து: மழை பெய்கிறது. தாங்கள் நலமா என்று கேட்க வேண்டும். பத்து நிமிடம் முன்பு வரை ரேடியோவில் ஒரு முறைகூட இருமாமல் பேசினீர்கள், ஆகவே நலம். என்னுடைய நலத்தைப் பற்றிக் கீழே வரும். மரியாதைப் பகுதி இத்துடன் முடிந்தது.

நான்தான் 'மூன்றாம் தளத்தில் நிற்கிறது'. இந்தப் பெயரில்தான் நீங்கள் என்னை வாசிக்கிறீர்கள். மின்னணுவியல் படித்தேன், லிஃப்ட் பழுது பார்க்கிறேன், அதனால் அந்தப் பெயர். உறையில் போட்டு எழுதுவது இதுவே முதல் முறை, ஏனென்றால் அட்டையில் அடங்காது. இது வாசிப்பதற்கு அல்ல. உங்களிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

காரியத்தைச் சொல்வதற்கு முன், இன்று 1 மணி 41 நிமிடத்துக்கு என் அட்டையை வாசித்துவிட்டு நீங்கள் செய்ததைச் சொல்கிறேன். பாண்டாக்கள் சீனாவுக்குத் திரும்புவது பற்றி முள்ளங்கியார் போன மாதம், "ஊரே கூடி அழுகிறது, பாண்டாவிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை" என்று எழுதியிருந்தார். அதற்கு நான் இந்த வாரம், "பாண்டாவிடம் கேட்டேன், மூங்கில் என்றது. அது இருக்கட்டும் முள்ளங்கியாரே, குடிபோகும்போது உங்களிடம் யாராவது கேட்டார்களா?" என்று எழுதினேன். நீங்கள் வாசித்தீர்கள். "இதுக்கு இனிமே பதில் வராது போலருக்கே" என்றீர்கள். பாட்டுப் போட்டீர்கள். சரியாகத்தான் சொன்னீர்கள், அதனால்தான் கோபம். பதில் சொல்ல ஆள் இல்லாத கருத்து என்பது லிஃப்ட் குழியில் தவறவிட்ட திருகாணி. கீழே போய் விழுந்த சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.

'அரைகுறையாக ஊறிய முள்ளங்கி' என்ற பெயரில் எழுதும் அவர் யார் என்று எனக்குத் தெரியாது. ஆணா பெண்ணா, இருபதா எழுபதா, தெரியாது. உங்களுக்கு முகவரி தெரியும், வாசித்த அட்டைக்குப் பரிசாக ஸ்டிக்கர் அனுப்பியிருப்பீர்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் மூன்று வருடமாக நான் எதைச் சொன்னாலும் மறுவாரம் அது தப்பு என்று ஒருவர் சொல்வார் என்பதுதான். அரிசி விலை இரண்டு மடங்கானபோது, அரசு கிடங்கில் வைத்திருந்த பழைய அரிசியை வெளியே விட்டது சரி, பசிக்குப் புதுசு பழசு தெரியாது என்று எழுதினேன். மறுவாரம் வந்தது: "மூன்றாம் தளத்தில் நிற்பவருக்குச் சோறு ஆக்கத் தெரியவில்லை. பழைய அரிசி ரொம்ப நேரம் ஊற வேண்டும். ஊறவைக்கப் பொறுமை வேண்டும். பாவம் அவர்." அன்று சாயங்காலமே ஊறவைத்துப் பார்த்தேன். சோறு நன்றாக இருந்தது. அதை நான் எழுதவில்லை. உணவகங்களில் பூனைமுகம் வைத்த இயந்திரம் சாப்பாடு கொண்டுவருகிறதே, அதன் சக்கரங்கள் மட்டமானவை என்று நான் எழுதியதற்கு, "அதற்கு நான் நன்றி சொல்கிறேன், சொல்லாவிட்டால் திரும்பிப் போகும்போது அதன் முதுகு வருத்தமாகத் தெரிகிறது" என்று பதில். இயந்திரத்துக்கு முதுகே கிடையாது, அது பின்பக்கத் தகடு. ஆனாலும் அடுத்த முறை போனபோது பார்த்தேன். வருத்தமாகத்தான் தெரிந்தது. இதையும் நான் எழுதவில்லை. பாட்டுக்குழுவிலிருந்து ஒரு பெண் விலகுவதை 'பட்டம் பெறுகிறார்' என்று நாடே உருகியபோது, என்ன படிப்பு, எந்தக் கல்லூரி, சான்றிதழில் கையெழுத்து யாருடையது என்று கேட்டேன். முள்ளங்கியார் ஒரே வரியில் முடித்தார்: "போகிறவர்களை வழியனுப்ப ஒரு நல்ல சொல் வேண்டாமா? ராஜினாமா என்றால் யார் பூ கொடுப்பார்கள்?"

அப்படிக் கேட்டவர், மே 31-ஆம் தேதி நீங்கள் வாசித்த அட்டையில் என்ன எழுதினார்? "வீட்டுக் காரணங்களால் மலைக்கு அந்தப் பக்கம் ஒகுனோவுக்குக் குடிபோகிறேன். அங்கே நம் நிலையம் எட்டாது. இதுவே கடைசி அட்டை. மூன்றாம் தளத்தில் நிற்பவர் சென்ற வாரம் சொன்னதும் தப்பு." நீங்கள் "பாத்துப் போயிட்டு வாங்க" என்றீர்கள், வானிலை அறிக்கை வந்தது, முடிந்தது. பூ இல்லை. தின்றுகொண்டிருந்த சோற்று உருண்டை எனக்குத் தொண்டையில் நின்றுவிட்டது. வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தொகாஷி அண்ணன் (என் சீனியர், லிஃப்ட் மேல் தூங்கக்கூடியவர்) முதுகில் தட்டினார்.

"டேய் இசோமுரா, யார்னே தெரியாத ஆளுக்கு ஏன்டா மூஞ்சி இப்படித் தொங்குது?"

"மூஞ்சி எப்பவும் இப்படித்தாண்ணே."

"அது ஒரு எழுபது வயசு மீன்காரரா இருந்தா என்னடா பண்ணுவ?"

"இருந்துட்டுப் போகட்டும்."

"நாலு புள்ளைங்களோட அம்மாவா இருந்தா?"

"இருந்துட்டுப் போகட்டும்ணே. நான் என்ன கல்யாணமா பண்ணப் போறேன்? நான் சொன்னது தப்புன்னு சொல்ல வேற யாரு இருக்கா?"

"நான் சொல்றேனேடா தெனமும்."

"நீங்க கேக்காமலே சொல்றீங்க. அவங்க கேட்டுட்டுச் சொல்லுவாங்க."

அண்ணன் ரேடியோ சத்தத்தைக் குறைத்தார். பிறகு, அலைவரிசை எட்டவில்லை என்றால் எட்டுகிற இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டியதுதானே, நீ படித்த படிப்பு எதற்கு என்றார். வாழ்க்கையில் முதல் முறையாக உருப்படியாக ஒன்று சொன்னார்.

நம் நிலையத்தின் சக்தி இருபது வாட். என் குளியலறை விளக்கைவிடக் கொஞ்சம் அதிகம். சட்டம் அதற்குமேல் விடாது. பாட்டு உரிமைத்தொகை கட்ட முடியாததால் இணையத்திலும் நாம் கிடையாது. துறைமுகக் கட்டட மொட்டைமாடியிலிருந்து புறப்படும் அலை நேரே போய் மலையில் முட்டிக்கொள்ளும். ஆனால் மலை என்பது சுவர் இல்லை, அதில் கணவாய் இருக்கிறது. ஆகவே போன ஞாயிற்றுக்கிழமை நிறுவனத்தின் வண்டியை எடுத்துக்கொண்டு (இதைத் தயவுசெய்து வாசிக்காதீர்கள்) ஒகுனோ சாலையில் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு போனேன். முதல் சுரங்கப்பாதை வரை மீன்சந்தை நிலவரம் தெளிவாகக் கேட்டது, இரண்டாவதில் சூரைமீன் இருந்தது விலை இல்லை, மூன்றாவதைத் தாண்டியதும் வெறும் இரைச்சல். ஒகுனோவுக்குள் போய் கோயில் வாசல், பள்ளிக்கூட மைதானம், கல்லறைத் தோட்டம் எல்லா இடத்திலும் நின்று பார்த்தேன். கல்லறையில் ரேடியோவைத் தலைக்குமேல் தூக்கி நின்றதற்கு ஒரு குடும்பம் என்னை முறைத்தது, நான் தலைகுனிந்து வணங்கினேன், அவர்களும் வணங்கினார்கள், யார் எதற்கு வணங்கினோம் என்று தெரியாமலே பிரிந்தோம். மழை வலுத்தது. திரும்பும் வழியில் சாலையோரக் கடை ஒன்றில் ஒதுங்கினேன். ஆரஞ்சு ஐஸ்கிரீம், ஊறுகாய், காளான் விற்கிற கடை. வண்டி நிறுத்துமிடத்தின் ஓரம், பானம் விற்கும் எந்திரத்துக்குப் பக்கத்தில், வளைவின் இரும்புத் தடுப்பை ஒட்டி நின்றபோது திடீரென்று, இரைச்சலே இல்லாமல், ஒரு பெண்குரல் "கானாங்கெளுத்தி, கிலோ அறுநூறு யென்" என்றது. குராஹாஷி அவர்களே, கானாங்கெளுத்தியைக் கேட்டு ஒருவனுக்குக் கண் கலங்கியதாக நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். மழைத்தண்ணீராகவும் இருக்கலாம்.

அரை அடி இடப்பக்கம் நகர்ந்தால் போய்விடுகிறது. ஆகவே தொழில் வழக்கப்படி சரியான இடத்தில் தடுப்புக் கம்பியில் மஞ்சள் நாடா ஒட்டி, ஏரியலைத் திருப்ப வேண்டிய திசையை அம்புக்குறியாகப் போட்டேன். ஒரு கையில் குடை, மறு கையில் ரேடியோ, வாயில் நாடா. கடைக்கார அம்மா வெளியே வந்தார்.

"காட்டுப்பன்னிக்கு மின்சார வேலி போட வந்தீங்களா தம்பி?"

"இல்லம்மா. ரேடியோ எடுக்குதான்னு பாக்குறேன்."

"ரேடியோவா? கீழ டவுன்ல போயி கேட்டா எடுக்குமே."

"டவுன்ல எடுக்கும்மா. இங்க எடுக்கணும்."

"எதுக்கு?"

"ஒருத்தங்க இந்தப் பக்கம் குடிவந்திருக்காங்க."

"ஓஹோ," என்று அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அந்தப் பொண்ணு உங்க வண்டியிலயே உக்காந்து கேக்கலாமே."

விளக்க எனக்குப் பொறுமை இல்லை. ஐஸ்கிரீம் வாங்கித் தின்றுவிட்டு வந்துவிட்டேன், குடையை அங்கேயே விட்டுவிட்டு. அது நிறுவனத்தின் குடை.

இப்போது காரியம். இத்துடன் ஒரு வரைபடம் வைத்திருக்கிறேன். கடை, எந்திரம், வளைவு, மஞ்சள் நாடா, ஏரியல் திசை எல்லாம் அளவோடு போட்டிருக்கிறேன். ரேடியோவில் அறிவித்துப் பயனில்லை. கேட்க வேண்டியவர் கேட்க முடியாத இடத்தில் இருக்கிறார், இதைக்கூட யோசிக்காமல் அறிவித்துவிடுவீர்களோ என்றுதான் இவ்வளவு விளக்கம். ஆகவே அவருடைய பழைய அட்டையில் உள்ள முகவரியை ஓர் உறையில் எழுதி, வரைபடத்தை உள்ளே வைத்துத் தபாலில் போடுங்கள். குடிபோனவர்களின் தபாலைத் தபால்நிலையம் ஒரு வருடத்துக்குப் புது முகவரிக்கு அனுப்பிவைக்கும். முகவரியை எனக்குச் சொல்ல வேண்டாம். பெயரையும் சொல்ல வேண்டாம். சொன்னால் நான் போய் நிற்பேன், நின்றால் என்ன பேசுவது என்று தெரியாது, எனக்கு நேரில் பேச வராது. அவர் சனிக்கிழமை ஒரு மணிக்கு அந்த வளைவில் நின்று, நான் சொல்வது தப்பு என்று நினைத்தால் போதும். அதை ஓர் அட்டையில் எழுதிப் போட்டால் இன்னும் நல்லது. நினைத்தாலே போதும்.

எதையும் கெஞ்சிக் கேட்டுப் பழக்கமில்லை. இது கெஞ்சல் என்றால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

தங்கள் குரல் நீடு வாழ்க, நிலையத்தின் இருபது வாட்டும் குறையாமல் இருக்கட்டும். துணைவியாருக்கும், நீங்கள் அடிக்கடி ரேடியோவில் திட்டும் அந்தப் பூனைக்கும் என் வணக்கங்கள்.

பணிவுடன்,
மூன்றாம் தளத்தில் நிற்கிறது
(இசோமுரா)

பின்குறிப்பு: மணி 4.25. உறையை ஒட்டுவதற்குள் எங்கள் அவசர அழைப்பு எண் அடித்தது. இன்று என் முறை. எந்தக் கட்டடம், உள்ளே எத்தனை பேர் என்று கேட்டேன்.

"உள்ள யாரும் இல்ல தம்பி. கொடையில இந்த நம்பர்தான் போட்டிருந்துச்சு. விட்டுட்டுப் போனீங்களே."

"அம்மா, இது லிஃப்ட்ல மாட்டுனவங்க கூப்புடுற நம்பர்."

"அப்ப சீக்கிரம் சொல்லிடறேன். இன்னைக்கு உங்கள மாதிரியே ஒருத்தங்க ரேடியோவத் தூக்கிட்டு வந்தாங்க. இங்க எங்கயாச்சும் எடுக்குமான்னு கேட்டாங்க. போன வாரம் ஒரு பைத்தியம் கம்பியில நாடா ஒட்டிட்டுப் போச்சு, அங்க நின்னு பாருங்கன்னேன். கோச்சுக்காதீங்க. மழையா இருந்துச்சா, உங்க கொடையத்தான் குடுத்தேன். ஒரு மணியிலேருந்து ரெண்டு மணி வரைக்கும் நகரல."

நான் உறையைக் கீழே வைத்தேன். "லைன்ல இருக்கீங்களா?" என்றார்.

"இருக்கேன். சிரிச்சாங்களா?"

"ஒரு தடவ. ஐஸ்கிரீம் மிஷின் கழுவிட்டிருந்தேன், ஒண்ணே முக்கால் இருக்கும். அவ்ளோ சத்தமா சிரிச்சாங்க. அப்புறம் கம்பியப் புடிச்சிக்கிட்டு மலையவே பாத்துட்டு நின்னாங்க. போறப்ப அஞ்சலட்டை விக்கிறீங்களான்னு கேட்டாங்க. நாங்க ஊறுகாதான் விக்கிறோம்."

ஆணா பெண்ணா, வயது என்ன என்று நான் கேட்கவில்லை. தொகாஷி அண்ணன் இதற்காக என்னைக் கொல்லப் போகிறார்.

ஆகவே மேலே கேட்ட எதையும் நீங்கள் செய்ய வேண்டாம். இனி நான் செய்யப்போவது:

1. வரைபடத்தை எடுத்துவிட்டு மீதியைத் தபாலில் போடுவேன். இவ்வளவு எழுதிவிட்டுக் கிழிக்க மனமில்லை.

2. குடையைத் திரும்ப வாங்கப் போகமாட்டேன். மழைக்காலம் முடிய இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. தொலைந்துவிட்டது என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுப்பேன்.

3. அடுத்த சனிக்கிழமை அந்த வளைவுப் பக்கம் போகமாட்டேன். ஒரு மணிக்கு வழக்கம்போல் வண்டியில் உட்கார்ந்திருப்பேன்.

4. கடைக்கார அம்மாவுக்குப் பத்து அஞ்சலட்டை வாங்கி அனுப்புவேன், ஊறுகாய்க்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லி.

5. செவ்வாய்க்குள் 213-ஆவது அட்டையை எழுதுவேன். டிவி காலைத் தொடரில் நாயகி படகேறிப் போனது பற்றி. அவள் போனது சரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் தப்பு என்றே எழுதுவேன். மறுப்பதற்கு முள்ளங்கியாருக்கு ஏதாவது வேண்டும்.