தொண்ணூறு நாள் சோளம்

வலது தோளைத் தூக்க முடியவில்லை. இடது தோளைத் தூக்க முடிந்தது. ஆனால் தூக்கியதும் கழுத்துக்குள் ஏதோ 'களுக்' என்றது. அவசரம் வரப்பில் உட்கார்ந்து, தகர டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, எந்தக் கையால் தட்டுவது என்று யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் முந்நூறு குருவிகள் வயலில் இறங்கிவிட்டன.

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பேர் தெருவில் யாருக்கும் நினைவில்லை. எட்டு மணி பஸ்ஸுக்கு ஏழு மணிக்கே போய் நின்று, ஏழே காலுக்கு வருகிற வேறு பஸ்ஸில் ஏறிப் போய்விடுகிற ஆள். அதனால் 'அவசரம்' என்றே நிலைத்துவிட்டது. விதை ஆபீசர் வந்து, "நூற்றிருபது நாள் எதுக்குக் காத்திருக்கீங்க? புது ரகம் வந்திருக்கு. தொண்ணூறே நாள், விளைச்சல் ரெண்டு மடங்கு" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் கை தூக்கியவர் இவர். இவர் ஒருவர்தான்.

ரகத்தின் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சொன்ன நாளில் முற்றியது. கதிர் கனம் தாங்காமல் தட்டை வளைந்தது. ஆனால் சுற்றிலும் அத்தனை வயலும் பச்சைப் பசேலென்று நிற்க, இவருடைய ஒன்றரை ஏக்கர் மட்டும் சிவந்து நின்றது. சுற்றுவட்டாரத்துக் குருவிகளுக்கெல்லாம் திறந்திருந்தது ஒரே ஒரு சாப்பாட்டுக் கடை.

ரெண்டு மடங்கு வந்தால் வீட்டுக் கூரையை மாற்றிவிடுவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். மூன்று வருஷமாக அந்தக் கூரையை ஒரு நீலத் தார்ப்பாய்தான் மானத்தோடு வைத்திருந்தது.

"தம்பி, நீ புண்ணியவான்" என்றாள் பக்கத்து வயல் அக்கா, களைக்கொட்டைத் தோளில் போட்டுக்கொண்டு. "உன் தயவுல குருவியெல்லாம் கொழுத்துப் போச்சு. பறக்கவே மூச்சு வாங்குது."

"வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்கக்கா."

"சரி, சரி. தட்டு, தட்டு. எனக்கும் பொழுது போகணும்."

மறுநாள் அவசரம் ஒரு பொம்மை செய்தார். வைக்கோல் உடம்பு, தன் பழைய சட்டை, தலைக்குச் சட்டி. குருவிகள் அரை மணி நேரம் மரியாதை கொடுத்தன. பிறகு ஒன்று பொம்மையின் தோளில் உட்கார்ந்தது. மற்றவை அதற்குப் பக்கத்தில் இடம் கேட்டன.

அன்று மாலை மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"என் தம்பியை என்ன செஞ்சீங்க?"

"நான் என்ன செஞ்சேன்? நான் அவனைப் பார்க்கவே இல்லையே!"

"வயலுக்கு வந்து 'மாமா, மாமா'ன்னு பத்து நிமிஷம் பேசியிருக்கான். திரும்பிக்கூடப் பார்க்கலையாமே? இனிமே இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்னு போயிட்டான்."

அவசரம் ஓடினார். மச்சினனின் மைக் செட் கடையில் நின்று, அது நானில்லை, வைக்கோல் என்று விளக்கினார். மச்சினன் நம்பவில்லை. "அசப்புல நீங்களேதான் மாமா. அந்த நிக்கற தினுசு, அந்தச் சட்டை..." என்று இழுத்தவன், பிறகு சிரித்துவிட்டான். சிரித்ததோடு நிறுத்தியிருக்கலாம். உதவியும் செய்தான்.

"நாய் குலைக்கிற சத்தத்தைப் பதிவு பண்ணித் தர்றேன். நாலு ஸ்பீக்கர், நாலு மூலை. ஒரு குருவி தங்காது மாமா."

ஒரு குருவிகூடத் தங்கவில்லை. கால் மணி நேரத்துக்கு. அதற்குள் நாலு திசையிலிருந்தும் தெரு நாய்கள் வந்துவிட்டன. தங்களைத் திட்டுகிறவன் யாரென்று தேடிச் சோளத்துக்குள் புகுந்தன. ஆள் அகப்படாத ஆத்திரத்தில் ஒன்றையொன்று கடித்தன. சமாதானமானதும் நிழலுக்குச் சோளத்தின் மேலேயே புரண்டன. சாய்ந்த கதிர் தரைக்கு வந்துவிட்டதால், குருவிகளுக்குத் தட்டையில் தொங்குகிற சிரமமும் மிச்சம்.

அவசரம் இடுப்பில் கை வைத்து நின்று வீட்டுப் பக்கம் பார்த்தார். கூரை மேல் நீலமாக ஏதோ தெரிந்தது.

"தொடாதீங்க" என்றாள் மனைவி, அவர் ஏணியை எடுக்கும்போதே.

"நாலே நாள். நல்ல கதிரா இருக்கிற மூலையை மட்டும் மூடிக்கிறேன். வானத்தைப் பாரு, துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு."

"மழை வந்தா?"

"இந்த மாசத்துல எந்த மழை, யாரைக் கேட்டு வரும்?"

யாரையும் கேட்காமல் மறுநாள் மத்தியானம் வந்தது. வயலில் தார்ப்பாய் குளம்போலத் தண்ணீர் பிடித்து, கனம் தாங்காமல் உட்கார்ந்தது. அடியில் இருந்த நல்ல கதிர் முழுக்க முறிந்தது. வீட்டில் அடுப்பு நனைந்தது, படுக்கை நனைந்தது, மனைவி நனைந்தாள். ஈரப் பாயைக் கொண்டுவந்து அவர் முன்னால் போட்டு, "படுங்க" என்றாள். அவ்வளவுதான். பக்கத்து வயல்களில் பச்சைப் பயிர் அந்த மழைக்கு ஒரு சாண் வளர்ந்தது.

குருவியும் நாயும் மழையும் போக, ஒன்பது மூட்டை தேறியது. பழைய விதையில் போன வருஷமும் ஒன்பதுதான். கூரைக்கு ஒரு மூட்டைகூட மிஞ்சவில்லை.

விதை ஆபீசர் கூட்டம் போட்டார். சங்கக் கட்டடத்தில் முப்பது நாற்காலி; அவசரம் முதல் வரிசை. "உங்க அனுபவத்தைச் சொல்லுங்க" என்றார் ஆபீசர்.

அவசரம் எழுந்தார். தோளைக் காட்டினார், கழுத்தைக் காட்டினார், 'களுக்' சத்தத்தை எல்லோருக்கும் கேட்கவைத்தார். "செத்தாலும் இனி இந்த விதையைத் தொட மாட்டேன்!" என்றார். ஆபீசர் பலகையில் ஏதோ கணக்குப் போட்டு விளக்கத் திரும்பினார். ஆனால் அவசரத்துக்கு வேறு கவலை வந்துவிட்டது. இதைக் கேட்ட அத்தனை பேரும் பழைய விதைக்குத்தானே ஓடுவார்கள்? தீர்ந்துபோனால்? செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே நடந்தார். கூட்டத்துக்கு வராத பக்கத்து வயல் அக்கா வீட்டில் களத்துச் சோளத்தைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பழைய விதை ஒரு கூடை வேணும். இப்பவே."

"ஒரு கூடைக்கு அறுப்புல ரெண்டு மூட்டை. விளைஞ்சாலும் சரி, விளையலைன்னாலும் சரி."

"ரெண்டா? அநியாயமா இருக்கே!"

"அப்ப கூடையைக் கீழே வை. பின்னாடி யாராவது வருவாங்க."

அவசரம் கூடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "ரெண்டே. சத்தியம்."

மழை ஈரம் கண்டதும் முதல் ஆளாக விதைத்தார். முடித்து வந்து நின்றபோதுதான் மனைவியால் அவரிடம் சொல்ல முடிந்தது.

"கூட்டம் முடியறதுக்குள்ள ஏன் எழுந்து போனீங்க? பாதியைக் குருவி தின்ன பிறகும் ஒன்பது மூட்டைன்னா, முழுசா வீடு வந்தா பதினெட்டுன்னு ஆபீசர் எழுதிக் காட்டினாராம். எல்லாரும் தொண்ணூறு நாள் விதைக்குப் பேர் கொடுத்துட்டாங்க. பக்கத்து அக்காகூட ஓடிவந்து கொடுத்தாங்க."

அவசரம் வெறும் விதைக் கூடையைக் கீழே வைத்தார். பிறகு தொடையைத் தட்டிச் சிரித்தார். "போடட்டும்! நல்லா போடட்டும்! குருவின்னா என்னன்னு இவங்களும் தெரிஞ்சுக்கட்டும். பச்சை வயலைக் குருவி தொடாது. நான் கால் நீட்டிப் படுத்துக்கறேன். இந்த வருஷம் கூரை மாறுது, நீயே பாரு."

அப்படியே நடந்தது. தொண்ணூறாம் நாள் சுற்றிலும் அத்தனை வயலும் சிவந்தது. நாலாப் பக்கமும் டப்பாச் சத்தம். அவசரத்தின் சோளம் மட்டும் பச்சையாக, ஒரு குருவியின் நிழல்கூடப் படாமல் நின்றது. அவர் வேப்பமரத்தடியில் படுத்து, "வலது கையால தட்டுங்க! கழுத்து ஜாக்கிரதை!" என்று நாலு பக்கமும் புத்தி சொன்னார். அத்தனை வயலுக்கும் பிரிந்துபோன குருவி, ஆளுக்குக் கால் மூட்டைகூடத் தின்றிருக்காது. அதை அவர் கவனிக்கவில்லை. ஒரே வாரத்தில் எல்லோரும் அறுத்து, கட்டி, வீட்டுக்கு ஏற்றிவிட்டார்கள். டப்பாச் சத்தம் நின்றது. நல்ல தூக்கம் வந்தது.

அவருடைய கதிர் சிவக்க ஆரம்பித்த அன்று காலை, பக்கத்து வயல் அக்கா அரிவாளைக் கழுவிக்கொண்டு வரப்போடு வந்தாள். கண்ணுக்கு எட்டின மட்டும் வெறும் தட்டைக் கட்டை. நடுவில் தனியாக இந்த ஒன்றரை ஏக்கர். தலைக்கு மேல் வானம் கொஞ்சம் கொஞ்சமாக இருட்டிக்கொண்டு வந்தது. அது மேகமில்லை. அக்கா அண்ணாந்து பார்த்தாள், பிறகு படுத்திருந்தவரைப் பார்த்தாள்.

"எழுந்திரு தம்பி, இந்தப் பக்கத்துல இன்னும் அறுக்காம நிக்கறது உன்னுது ஒண்ணுதான், அதுங்க தின்னது போக மிச்சம் உனக்கு, எனக்குத் தர வேண்டிய ரெண்டு மூட்டை மட்டும் அப்படியே நிக்குது."