வேருக்கு எடுத்த அளவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். நீ எங்களிடம் விட்டுப்போன இருபது செடிகளில் பதினைந்து நலம்.

நீ கேட்டபடி வேர் அளவுகளை எழுதிக் கையெழுத்துப் போட்டு இதனுடன் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை உன் பேராசிரியர் இதைப் பார்த்துத்தான் ஆராய்ச்சி முடிந்ததா, இன்னும் ஒரு வருஷமா என்று சொல்வார் என்றாயே, அந்தப் பயத்தில் பத்து நாளாக எனக்குச் சோறே இறங்கவில்லை. செடிகள் இருந்த கண்ணாடிக் குழாய்களைத் தையல் மெஷினுக்குப் பக்கத்து ஜன்னலில் வைத்து, வெறும் தண்ணீருக்கு வெள்ளை நூலும் களைக்கொல்லி மருந்து கலந்ததற்குச் சிவப்பு நூலும் கட்டினேன், இரண்டாம் நாளே சட்டை தைக்கக் கொடுக்க வந்த டீச்சர் கைப்பையைத் தொப்பென்று வைத்ததில் ஐந்து குழாய் காலி, அதைக் கூட்டி அள்ளுவதற்குள் உன் அம்மா வந்து, "பச்சப்புள்ள மாதிரி இருக்கு, அதுக்குப் போய் விஷத்த ஊத்தி வேடிக்க பாக்குறாளே, உங்க மகளுக்கு நெஞ்சுல ஈரமே இல்லயா?" என்று ஆரம்பித்தாள். நீ நல்ல மார்க் வாங்கினால் அவள் மகள், இப்படி ஏதாவது செய்தால் என் மகள். "ஆராய்ச்சிடி, மருந்து வேர எப்படி முடக்குதுன்னு பாக்கணும்"னு நான் சொன்னா, "முடக்குதுன்னுதான் தெரியுதுல்ல, அப்புறம் என்ன பாக்க வேண்டிக் கெடக்கு?"ங்கறா. என் சத்து மாத்திரையக் கரைச்சு சிவப்பு நூல் குழாயில ஊத்தப் போனவளக் கையப் புடிச்சுத் தடுத்து, பதினஞ்சையும் கண்ணாடி அலமாரிக்குள்ள வச்சுப் பூட்டி, சாவிய இடுப்புல சொருகிக்கிட்டேன்.

அளவில் மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. நாற்பது வருஷமாக அளவெடுத்த கை. வளைந்த வேரைக்கூடக் கழுத்து வளைவுக்கு அளப்பதுபோல நூல் பிடித்து அளந்தேன். வெள்ளை நூல் வேர்கள் சுமார் மூன்றரை இஞ்ச், சிவப்பு நூல் வேர்கள் இரண்டரை. நீ சொன்னபடியே மருந்து வேரை முடக்கிவிட்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷம், கண்ணு.

நேரத்துக்குச் சாப்பிடு. பேராசிரியருக்கு என் வணக்கத்தைச் சொல். எடுத்த காரியம் நல்லபடியாக முடியட்டும்.

உன் பாசமுள்ள,
அப்பா

பின்குறிப்பு: ஒன்று சொல்ல மறந்தேன். வளரும் பிள்ளைகளுக்கு ஒரு இஞ்ச் கூட்டித்தான் அளவு எழுதுவேன், உனக்குத் தெரியும். வெள்ளை நூல் வேர்கள் இன்னும் வளரும் என்பதால் அவற்றுக்கும் அப்படியே கூட்டி எழுதியிருக்கிறேன். சிவப்பு வளராது என்று நீயே சொன்னதால் உள்ளபடிதான். பேராசிரியர் கேட்டால் அந்த ஒரு இஞ்சைக் கழித்துக்கொள்ளச் சொல். பெரிய வித்தியாசம் ஒன்றும் வராது.