கொடுவாவின் கண்

கண்ணுக்கு நேராகக் கண்ணைக் காட்டினால் எந்த மனமும் இளகிவிடும் என்று கல்லூரியில் படித்தபோது நம்பினேன். எங்கள் விலங்குநேயக் குழுவின் அக்கா புதுச்சேரியிலிருந்து வந்து அப்படித்தான் பாடம் எடுத்தார். "ரத்தத்தக் காட்டினா ஜனங்க மொகத்தத் திருப்பிக்குவாங்க. கண்ணக் காட்டுங்க." மீன், கறி தின்பதை விடச் சொல்லி ஆளுக்கொரு பேனர் வைத்த பிறகுதான் காரைக்கால் கிளைக்கு யார் தலைவி என்று சொல்வாராம். எனக்கு அந்தப் பதவி மேல் கொள்ளை ஆசை. (குழுவில் மொத்தமே நான்கு பேர். இருந்தால் என்ன, தலைவி தலைவிதானே!)

படத்துக்கு நான் அலையவில்லை. அம்மா கோட்டுச்சேரிமேட்டிலிருந்து காரைக்கால் சந்தைக்கு மீன் கொண்டுபோய் விற்பவர். விடிகாலையில் கூடையில் கிடந்த கொடுவா மீனை, காலேஜ் வேலை என்று சொல்லிப் படம் பிடித்தேன். அம்மாவே அதைக் கழுவி, தலையைத் திருப்பி வைத்துக் கொடுத்தார். கதவளவு பேனரில் ஒற்றைக் கண். கீழே, "என்னைப் பாருங்கள்." நானே அதைப் பார்க்க முடியாமல் சுருட்டி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அதை மீன் சந்தை வாசலில் கட்டினேன். அக்காவை அழைத்து வந்தபோது பேனருக்கு முன்னால் கூட்டம்.

"பாத்தீங்களாக்கா, எப்படி நிக்கிறாங்க!" என்று பூரித்தேன்.

"கண்ணு கண்ணாடி மாதிரில்ல இருக்கு!" என்றார் தொப்பி வைத்த ஒரு பெரியவர். "இந்தக் கொடுவா எந்தக் கடையிலம்மா? துபாய்லேர்ந்து மவன் வர்றான்."

எங்கள் ஊரில் செவுளைத் தூக்குவதற்கு முன் கண்ணைத்தான் பார்ப்பார்கள். கலங்கியிருந்தால் பழசு, தெளிந்திருந்தால் புதுசு. பிறந்ததிலிருந்து பார்த்த இந்தச் சங்கதி, தலைவிக் கனவில் எனக்கு மறந்தே போயிருந்தது.

உள்ளிருந்து அம்மாவின் குரல் கணீரென்று வந்தது: "நம்ம கடைதாங்க! இங்க வாங்க! படம் எம் பொண்ணு எடுத்தது!"

கூட்டம் உள்ளே பாய்ந்தது. அக்கா பார்த்த பார்வையில் நான் கருவாடாகிவிட்டேன். பேனரை அவிழ்க்க ஓடினேன். அம்மா ஈரக்கையோடு என்னைப் பிடித்துக்கொண்டார்.

"காலேஜ் வேலைன்னு சொல்லிட்டு எனக்காகவா செஞ்ச? இத்தன வருசத்துல எனக்குன்னு யாரும் ஒரு போர்டுகூட வச்சதில்லடி."

அம்மாவின் கண் கலங்கிவிட்டது. அதற்கு மேலும் உண்மையைச் சொல்ல நான் என்ன கல்லா?

"ஆமாம்மா" என்றேன், அக்காவின் காதில் விழும்படியாகவே.

பதவி எங்கள் குழுவிலிருந்த போலகத்துக்காரிக்குப் போனது. அவள் கன்றுக்குட்டியின் கண்ணை வைத்திருந்தாள். (புத்திசாலி.) என் பேனர் இப்போதும் அம்மாவின் கடைக்கு மேல் நிழல் தருகிறது. அது மனம் மாற்றியது ஒரே ஒருத்தியைத்தான். அன்றிலிருந்து எனக்கு மீன் இறங்குவதில்லை. அம்மா முணுமுணுத்துக்கொண்டே எனக்கு மட்டும் கத்திரிக்காய்க் குழம்பு வைக்கிறார்.

நான் காய்ச்சலென்று படுத்தால் போதும், அப்பா என் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குக் குரல் கொடுப்பார்: "கண்ணு தெளிவாத்தான் இருக்கு, சந்தைக்கு அனுப்பலாம்!"