ஒருவரும் அறியாத கமாண்டோ

அன்று மண்டபத்தில் இருந்தவர்கள்: நாவல் எழுதிய அதிகாரி, அதை வெளியிட வந்த மேலதிகாரி, மேலதிகாரியின் டிரைவர், நாவலை அச்சடித்தவர், அவர் மனைவி. ஆக ஐந்து பேர். நாற்காலி இருநூறு.

அச்சகக்காரர் வாசலை எட்டி எட்டிப் பார்த்தார். ஆயிரம் பிரதியும் அவர் வீட்டுப் பின்னறையில் கூரையை முட்டிக்கொண்டிருந்தன. சாயங்காலம் மகள் கைக்குழந்தையோடு வருகிறாள். அந்த அறையை விட்டால் தொட்டில் கட்ட வேறு இடமில்லை.

"அழைப்பிதழ் அடிச்சுக் கொடுத்தேனே சார், யாருக்கும் அனுப்பலையா?"

"எப்படிய்யா அனுப்புறது?" என்றார் அதிகாரி. "கதாநாயகன் ஓய்வு பெற்ற கமாண்டோ. அவர் எங்க இருக்கார்னு கட்டின மனைவிக்கே தெரியாது. அவரைப் பத்தின விழாவுக்கு ஊரெல்லாம் தண்டோரா போட்டா நல்லாவா இருக்கும்?"

"அவர் கதையிலதானே சார் இருக்கார்?"

"அங்கேயே பத்திரமா இருக்கட்டும்னுதான் சொல்றேன்."

இதே கொள்கையின்படி அட்டையும் வெறும் கறுப்பு. தலைப்பும் இல்லை, பெயரும் இல்லை. முன்கூட்டியே கடையில் வைத்த இரண்டை டைரி என்று வாங்கிப் போனவர்கள், உள்ளே யாரோ ஏற்கெனவே எழுதிவிட்டதாகச் சொல்லித் திருப்பித் தந்தார்கள்.

மேலதிகாரி எழுந்து காலி நாற்காலிகளைக் கும்பிட்டார். "இந்த நாவலை நான் படிக்கவில்லை. படித்திருந்தால் ரகசியம் கசிந்திருக்கும். ஆகவே ஆயிரம் பிரதிகளையும் துறையே வாங்கிப் பாதுகாக்கும் என்பதைப் பெருமிதத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

அச்சகக்காரருக்குப் போன உயிர் திரும்பியது. "லாரி எப்போ வரும் சார்?"

"லாரி எதுக்கு? யாருக்கும் தெரியாத இடத்துலதான் வைக்கணும். உங்க பின்னறையே இருக்கே. இன்னைக்கே பூட்டி சீல் வெச்சிடுவோம்."

அச்சகக்காரரின் மனைவி முன்னால் வந்தார். "எங்க பின்னறைதான் இப்ப உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சே, ஐயா."

அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். ரகசியம் அம்பலமாகிவிட்டது. அதை மறுக்க விதியில் இடமில்லை.

"அப்போ ஆள் நடமாட்டமே இல்லாத இடம் வேணும்" என்றார் மேலதிகாரி.

"ஊர்ப் பொது நூலகம் இருக்கே சார்" என்றார் அச்சகக்காரர்.

"பலே. உடனே ஏத்துங்க."

மதியமே லாரி வந்தது. அறை காலியாயிற்று. மகள் வந்தாள், தொட்டில் கட்டினார்கள், குழந்தை தூங்கியது. விளக்கேற்றும் நேரத்தில் வாசலில் ஹாரன் சத்தம். போன லாரி போனபடியே திரும்பியிருந்தது.

"நூலகம் எங்கேன்னு நான் கேக்காத ஆளில்லை" என்றார் லாரி டிரைவர். "ஆளுக்கொரு திசை காட்டுறாங்க. ஒரு வாத்தியார் மட்டும், 'அப்படி ஒண்ணு இருக்கா'ன்னு என்னையே கேட்டார்."

தொட்டில் கூடத்துக்கு இடம் மாறியது. அச்சகக்காரர் பிரதிகளை எண்ணி எண்ணி அறையில் அடுக்கினார். லாரிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தது ஒன்று போக, மிச்சம் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.