நாச்சு மேடமும் மூன்றாம் மாடி வாடையும்

புல் வெட்டும் மெஷினுக்கு முன்னால் போய் நின்று மறியல் செய்த ஒரே மனிதப் பிறவி, எனக்குத் தெரிந்து இந்தத் தக்காண பீடபூமியிலேயே எங்கள் நாச்சு மேடம்தான்.

நிஜப் பெயர் அவர் வீட்டுக் கதவில் பித்தளைத் தகட்டில் இருந்தது. யாரும் படித்ததில்லை. ஹைதராபாத் லோத்குண்டாவில் எங்கள் அப்பார்ட்மெண்ட் வாட்ச்மேன் யாதய்யா வைத்த பெயர்தான் நிலைத்தது. தெலுங்கில் நாச்சு என்றால் பாசி. தூத்துக்குடிக்காரரான மேடம், உப்பல் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கடல்பாசியை அரைத்து, வடிகட்டி, அதற்குள் என்ன மருந்து இருக்கிறது என்று பார்க்கிற உத்தியோகத்தில் இருந்தார். இது தெரியாத என் மனைவி, நாச்சியார் என்பதன் செல்லச் சுருக்கம் என்று நினைத்து வெகுநாள் பக்தியோடு கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மறியல் செய்தி கேட்டு அப்பார்ட்மெண்ட் சங்கத்தின் பிரசிடெண்ட் ஓடி வந்தார். ரயில்வே பணிமனையில் ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்திலேயே வேலூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம் என்பதால் தமிழ் பாதி, ஹைதராபாத் பாதி.

"காய்கு மேடம், ஏன் மெஷினை நிறுத்துறீங்க? புல்லுக்கு வலிக்குதா?"

"நிறுத்தச் சொல்லல சார், மெதுவா வெட்டச் சொல்லுதேன். வாசனை வருதுல்லா? அது வாசனை இல்ல, புல்லு போடுத கூப்பாடு. வெட்டுப்பட்டதும் உள்ள இருக்க கொழுப்பு பிராணவாயுவோட சேந்து புதுச் சரக்கா மாறுது. ஆபத்து வந்துட்டு, உஷாரா இருங்கன்னு பக்கத்துச் செடிக்குத் தகவல் போகும். கடல்பாசிக்கும் இந்த வித்தை தெரியும். ஆக்ஸிலிபின்னு பேரு."

"லிஃப்டா? லிஃப்டுக்கு நேத்துதானே ஆள் வந்தான்?"

வெள்ளரிக்காய் நறுக்கினால் வரும் மணம், மல்லிகைப்பூ மணம் எல்லாவற்றிலும் தன் சரக்கின் சொந்தபந்தங்கள் இருப்பதாக மேடம் சொல்வார். என் மனைவி தலையில் பூ வைத்துக்கொண்டு படியிறங்கினால், இழுத்து நிறுத்தி மோந்து பார்த்துவிட்டு, "அம்சமா இருக்கு, போயிட்டு வாங்க" என்று அனுப்புவார். பாராட்டு பூவுக்கா தனக்கா என்று இவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

ராமேஸ்வரம் பக்கத்துப் பாசி மூட்டை மூட்டையாக ரயிலில் வரும். ஆராய்ச்சிக்குப் போக மிச்சத்தைத் தன் தொட்டிச் செடிகளுக்கு உரமாக்க மொட்டைமாடியில் காயவைப்பார். பக்கத்தில் துணி உலர்த்தியவர்கள், கடற்கரையில் குடித்தனம் நடத்துபவர்கள் மாதிரி ஆபீசுக்குப் போவார்கள். செகந்திராபாத் பஸ்ஸில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் மேடம் பக்கத்து சீட் மட்டும் காலியாக இருக்கும். "இந்த ஊர்க்காரங்க பொம்பளைக்கு என்ன மரியாதை குடுக்காங்க, பாத்தியளா!" என்பார்.

ஒரு கோடையில்தான் வினை வந்தது. மூன்றாம் மாடிப் படிக்கட்டில் ஒரு கெட்ட வாடை கிளம்பியது. வரவர வீட்டுக்குள்ளும் புகுந்தது. பிரசிடெண்டின் மனைவி சரோஜாம்மா கொடுத்தனுப்பிய முறுக்கில்கூட அதே வாடை. அதற்கும் நாச்சு மேடத்தைத்தான் திட்டினோம். சங்கம் கூடியது. பிரசிடெண்ட் மூக்குப்பொடியை ஓர் இழுப்பு இழுத்துவிட்டு எழுந்தார்.

"இனிமே நக்கோ மேடம், வேணவே வேணாம். வீட்டைக் காலி பண்ணிடுங்க."

மேடத்தின் முகம் சுருங்கிவிட்டது. "அரைமணி நேரம் குடுங்க சார். இது பாசி வாடை இல்ல. எதுன்னு மோந்து பாத்துட்டு வாரேன்" என்றார். சாட்சிக்கு என்னைப் போகச் சொன்னார்கள்.

ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மூக்கை உயர்த்தி நின்றார். "இங்க பால் பொங்கிருக்கு." "இங்க ஈரத் துணிய மடிச்சு வச்சிருக்காங்க." "இது உங்க வீடு தம்பி, சாம்பார் அடிப்பிடிக்கி, ஓடுங்க." உண்மைதான். அணைத்துவிட்டு வருவதற்குள் அவர் மூன்றாம் மாடியில் ஒரு கதவு முன் அசையாமல் நின்றிருந்தார். பிரசிடெண்டின் வீடு.

சரோஜாம்மா முகமெல்லாம் சிரிப்பாகக் கதவைத் திறந்தார். அடுப்பில் முறுக்கு வெந்துகொண்டிருந்தது. எக்ஸாஸ்ட் ஃபேன் படிக்கட்டைப் பார்த்துச் சுற்றியது. ஜன்னலோரம், நல்ல வெயிலில், மூடியில்லாமல் ஒரு பெரிய எண்ணெய் டின். ஊரிலிருந்து வந்த கடலை எண்ணெய், கெட்டுப்போய்ச் சிக்கு வாடை பிடித்து வெகுநாளாகியிருந்தது.

"வாசனை நல்லா வருதா?" என்று கேட்ட சரோஜாம்மா, குரலைத் தாழ்த்தினார். "கொரோனா வந்ததுலேர்ந்து எனக்கு ஒரு மணமும் தெரியலம்மா. இவர்கிட்ட சொல்லல. சொன்னா, அடுப்பாண்ட போகாதேன்னு ஆள் வச்சிடுவாரு. அப்புறம் நான் என்னாத்துக்கு இருக்கணும்?"

பொடி போட்டுப் போட்டுப் பிரசிடெண்டின் மூக்கு எப்போதோ ஓய்வு பெற்றிருந்தது. அவருக்கு எப்படித் தெரியும்?

நாச்சு மேடம் ஒரு முறுக்கை எடுத்தார். கண்ணைக்கூடச் சுருக்காமல் முழுசையும் தின்றார். "நல்லா மொறுமொறுன்னு இருக்குக்கா. இந்த எண்ணெய எனக்குக் குடுத்திருங்க. ஆராய்ச்சிக்கு இப்படி ஒண்ணுதான் தேடிட்டு இருந்தேன். புதுசு நான் வாங்கித் தாரேன்."

எல்லாம் முடிந்தது, பிரசிடெண்ட் மாட்டினார் என்று குஷியாகக் கீழே இறங்கினேன். கூட்டத்தின் நடுவில் மேடம் கைகூப்பினார்.

"கண்டுபிடிச்சிட்டேன். எம் பாசிதான். மன்னிச்சிருங்க. இனிமே மாடியில போட மாட்டேன்."

என் வாய் திறந்தது. மேடம் என் காலை மிதித்தார். வாய் மூடிக்கொண்டது.

"ஹவ், ஆமா, அதைத்தானே நான் அப்பவே சொன்னேன்!" என்றார் பிரசிடெண்ட். ஒத்துக்கொண்டதால் வீடு தப்பியது. மாடி மட்டும் போனது. மறுவாரம் வாடை அடங்கியதும், "பாசிய எடுத்தோம், வாடை போச்சு" என்று அவர் காய்கறி வண்டிக்காரரிடம்கூடப் பெருமையடித்தார்.

"ஏன் மேடம் இப்படி?" என்று கேட்டேன்.

"எண்ணெய் தன்போக்குல காத்தோட சேந்தா சிக்கு. செடியும் பாசியும் அதையே அளவறிஞ்சு செஞ்சா மருந்து. ரெண்டும் தூரத்துச் சொந்தம். சபையில சொந்தத்த விட்டுக்குடுக்க முடியுமா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அந்த அக்காவுக்கு மூக்குதான் போச்சு. கையையும் நாமளே புடுங்கணுமா, தம்பி?"

அதன்பின் ஞாயிறுதோறும் மேடம் சரோஜாம்மாவின் சமையலறையில்தான். எண்ணெயை மோந்து பார்ப்பார், பாலை மோந்து பார்ப்பார். படியேறும்போது குரல் கேட்கும்: "கடுகு வெடிச்சாச்சுக்கா... இப்பம் பெருங்காயம். கொஞ்சம் அதிகாரமா வருது, உங்க மாமியாரு மாதிரி." சரோஜாம்மா அடக்க முடியாமல் சிரிப்பார். பிரசிடெண்ட் ஹாலிலிருந்து, "என்னா சிரிப்பு அங்கே?" என்பார்.

போன வருஷம் மேடத்துக்குக் கடற்கரை ஊர் ஒன்றுக்கு மாற்றல் வந்தது. அவர் வீட்டுக்குப் புதுக் குடித்தனம் வந்தாயிற்று. ரொம்பச் சுத்தமான மனிதர்கள், வாசலில் எந்த வாடையும் வருவதில்லை. விளக்கு எரிகிறது, டிவி ஓடுகிறது, குழந்தைகள் சிரிக்கின்றன. ஆனாலும் அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம், பூட்டிக்கிடக்கிற வீடு மாதிரியே இருக்கிறது எனக்கு.