பதினோரு பேரைப் பார்த்துக்கொண்ட தேய்மானம் மேடம்

தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரைக்கும் கணக்கில் தேய்மானம் மேடத்தை ஜெயித்தவர் கிடையாது. அவர் வீட்டுக்குள் போய், பயப்படாமல் வெளியே வந்தவரும் கிடையாது.

எங்கள் ஆபீசில் அக்கவுண்ட்ஸ் பார்த்தார். எதைக் கண்டாலும் எத்தனை வருஷத்தில் தேயும் என்று சொல்லிவிடுவார். மேனேஜர் புது ஷூ போட்டு வந்தால், "மூணு வருஷம் சார்" என்பார். அவருக்குக் கல்யாணப் பத்திரிகை நீட்டவே பலர் அஞ்சினார்கள்.

கேம் விளையாட கம்ப்யூட்டர் வாங்குவதா, டி.வி.யில் மாட்டி ஆடும் கன்சோல் பெட்டி வாங்குவதா என்று எனக்கு ஒரு குழப்பம். சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் கேட்டேன்.

"கன்சோல் முதல்ல சீப்பா இருக்கும், அப்புறம் ஒவ்வொரு கேமும் ஆளை உறிஞ்சும். கம்ப்யூட்டருக்கு முதல்லயே மூணு மடங்கு ஆகும், ஆனா கேம் தள்ளுபடியில கிடைக்கும், வேற வேலையும் பார்க்கலாம். அஞ்சு வருஷத்துல ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்போ எதை வாங்கறது மேடம்?"

"பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில பழைய கன்சோல் வாங்கு. கம்ப்யூட்டரை விக்கிறவன் எல்லாத்தையும் அழிச்சிட்டுத்தான் தருவான். கன்சோலை விக்கிறவன் அவசரத்துல தன்னையே உள்ள விட்டுட்டுப் போயிடுவான். அதுக்கு யாரும் விலை போடறதில்ல."

எனக்குத் தயிர்சாதம் இறங்கவில்லை. "ஞாயித்துக்கிழமை வந்து பாரேன்" என்றார்.

அஸ்தினாபுரத்தில் அவர் வீடு. வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். உள்ளே ஜன்னல் திரைகள் இழுத்துவிட்ட இருட்டில் ஒரே ஒரு டி.வி. அதன் பக்கத்து அலமாரியில் பதினோரு பழைய கன்சோல்கள். ஒவ்வொன்றின் மேலும், விற்றவர் தன் ஆட்டத்து ஆளுக்கு வைத்து உள்ளே விட்டுப்போன பெயர் எழுதிய சீட்டு.

"இவர் மணி. பாலத்துல பாதியில நிக்கிறார்."

திரையில் பனிமூட்டம். நமக்கு முதுகைக் காட்டியபடி ஒருவன். நாங்கள் எதையும் தொடவில்லை. அவன் தோள் மட்டும் மூச்சுக்கு ஏறி இறங்கியது. பிறகு மெதுவாகத் திரும்பிப் பார்த்தான்.

"யாரைத் தேடறான் மேடம்?"

"வித்தவரைத்தான். ரெண்டு வருஷமா. பாலத்தைத் தாண்ட வைக்க எனக்குத் தெரியல. வாரம் ஒரு தடவை ஆன் பண்ணி, கொஞ்ச நேரம் கூட உட்காருவேன்."

அடுத்த கன்சோலைத் தட்டினார். "இவர் கார் திருடிட்டு இருந்தார். இங்க வந்தப்புறம் விட்டுட்டார்."

கிளம்பிவிடலாம் என்று எழுந்தேன். "உட்காருப்பா, இன்னும் ஒருத்தர்" என்று இன்னொன்றை ஆன் செய்தார். 'செம்பாக்கம் சிங்கம்' என்று திரையில் வந்தது.

அது என் ஆட்டத்து ஆளுக்கு நான் வைத்த பெயர். செம்பாக்கத்தில் ரூம் எடுத்திருந்த காலத்தில் வேலை போனது. கன்சோலை அதே சந்தையில் விற்றேன். நான்கு வருஷம் ஆகிறது.

நான் அவனை விட்டுவந்தது ஒரு மொட்டை வயலில், கொட்டும் மழையில். இப்போது வயல் முழுக்கச் சோளம். நடுவில் ஓட்டு வீடு, திண்ணையில் ஒரு நாய். என் ஜாடையில் நான் செய்த அந்த ஆள், என்னைவிடத் தெளிவாக வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாவம், யாரோ இவனை மழையில நிக்க வெச்சிட்டுப் போயிட்டான்" என்றார் மேடம். "முதல்ல ஒரு கூரை போட்டேன்."

"அது நான்தான் மேடம்."

அவர் சிரிக்கவில்லை. என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். கன்ட்ரோலரை என்னிடம் நீட்டப் போனவர், சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"ரெண்டு நிமிஷம் இரு. அவன் நாய்க்குச் சாப்பாடு வெச்சிட்டுத் தர்றேன்."