சிவப்புப் பொத்தானை நான் ஏன் அழுத்தவில்லை

அன்புள்ள தம்பிக்கு,

ஆசீர்வாதம். இறைவன் அருளால் நானும் உன் அத்தானும் உன் வீட்டு முன்னறையில் நலம். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளறையில் நீயும் நலம் என்பதை இருமல் சத்தத்தால் அறிந்தேன்.

நடந்ததை நீ கேட்கவே மாட்டேன் என்கிறாய், அதனால் எழுதுகிறேன். காலையில் விமான நிலையத்தில் பேருந்து ஏறும்போது உள்ளே இருந்தவர்கள்: நான், உன் அத்தான், ஓட்டுநர், தூங்கிக்கொண்டிருந்த ஒரு விமானப் பணிப்பெண், காதை அடைத்துக்கொண்டு பாட்டுக் கேட்ட ஒரு கம்ப்யூட்டர்காரர், நம்முடைய பெரிய பெட்டி. பெட்டிக்கும் டிக்கெட் எடுத்திருந்ததால் அதையும் ஆளாகச் சேர்க்கிறேன்.

"டாக்ஸியில வந்துடுக்கா, காசு நான் தர்றேன்"னு நீ படித்துப் படித்துச் சொன்னாய். உன் காசு மட்டும் மரத்தில் காய்க்கிறதா என்றுதான் பேருந்தைத் தேடிப் போனேன். அதன் நெற்றியில் 'நகர்மையம் விரைவு' என்று போட்டிருந்தது. அந்த விரைவு, விமான நிலையத்தின் ஒவ்வொரு வாசலுக்கும் போய் நின்று, கதவைத் திறந்து மூடி, கடைசியில் நாங்கள் ஏறின இடத்துக்கே வந்து சேர்ந்தது. வாசல் காவலர் உன் அத்தானைப் பார்த்து, "என்ன சார், ஊரெல்லாம் சுத்திப் பாத்தாச்சா?" என்றார். இதற்குள் கூட்டம் ஏறிவிட்டது. ஒரு அம்மா பெட்டியை எடுக்கச் சொன்னாள். "பெட்டிக்கு டிக்கெட் இருக்கும்மா"ன்னு காட்டினேன். "எனக்கும் இருக்கு. கூடவே முழங்கால் வலியும் இருக்கு, அது உங்க பெட்டிக்கு இருக்கா?"ன்னு கேட்டாள். நியாயமான கேள்வி. பெட்டியை உன் அத்தான் தலைக்கு மாற்றினேன்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நீ எங்களுக்காகக் காத்திருந்த ஆஸ்பத்திரி ஜன்னலில் தெரிந்தது. பெயர்ப்பலகையை நான்தான் முதலில் பார்த்தேன். கம்பியில் சிவப்பாக ஒரு பொத்தான், அதன்மேல் 'நிறுத்து' என்று எழுதியிருந்தது. உன் அத்தான் கையைக் கொண்டுபோனார். ரயிலில் சங்கிலியை இழுத்தால் அபராதம் என்று நமக்குத் தெரியாதா? "கையை எடுங்க! அபராதம் உங்க அப்பாவா கட்டுவாரு?"ன்னு அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். ஓட்டுநரிடம் கேட்கலாமென்றால், 'ஓட்டுநருடன் பேசாதீர்' என்று கண்ணாடியில் எழுதிவைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரே வழி, கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். கடவுள் அந்தக் கணமே சிக்னலில் சிவப்பு விளக்கைப் போட்டார். பேருந்து ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றது, ஆனால் ஓட்டுநர் கதவைத் திறக்கவில்லை. கடவுள் தன் பங்கைச் செய்துவிட்டார், போக்குவரத்துக் கழகம்தான் செய்யவில்லை. கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநர், "ஏம்மா, பட்டனை அழுத்த வேண்டியதுதானே? அதுக்குத்தானே வச்சிருக்கு?" என்றார். "பேசாதேன்னு எழுதிவச்சிட்டு இப்ப நீங்களே பேசுறீங்களே"ன்னு ஒரு பிடி பிடித்தேன். உன் அத்தான் சிரித்த சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.

அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்து சேர்ந்தபோது, பச்சை அங்கி, வெறும் வயிறு, தலையில் தொப்பி என்று நீ பெஞ்சில் உட்கார்ந்திருந்த கோலத்தை நான் மறக்க மாட்டேன். கூட ஆள் வராமல் கண்புரை அறுவை கிடையாதாம், டாக்டர் கிளம்பிவிட்டாராம், இனி அடுத்த வாரம்தானாம். நர்ஸ் சொல்லச் சொல்ல நீ எங்கள் பக்கமே திரும்பவில்லை. நீ டாக்ஸியில் ஏறினாய். நாங்கள் பின்னாலேயே பேருந்தில் வந்தோம். இந்த முறை பொத்தானை நானே அழுத்தினேன். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அழுத்தினேன்.

நீ திட்டியிருந்தால் பரவாயில்லை. "அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போறேன், நீ ஊருக்குப் போக்கா" என்றாயே, அதுதான் தாங்கவில்லை. உனக்கு அம்மை போட்டபோதும் கை முறிந்தபோதும் கூட உட்கார்ந்தவள் நான். கண் கட்டை அவிழ்க்கும்போது நீ முதலில் பக்கத்து வீட்டுக்காரர் மீசையையா பார்க்க வேண்டும்? அந்தப் பெட்டி முழுக்க என்ன என்று நினைத்தாய்? அறுவைக்குப் பிறகு உறுத்தாமலிருக்க நான் தைத்த தலையணை உறைகள். செலவுப் புத்தகத்தில் 'டாக்ஸி மிச்சம்' என்று எழுதியதை அடித்துவிட்டேன். அடுத்த வாரம் வாசலிலிருந்து வாசல்வரை டாக்ஸிதான், சத்தியம்.

மேலே எழுதியதையெல்லாம் பொறுமையாக, இரண்டு முறை படித்துப் பார். உன் கண்ணுக்கும் கோபத்துக்கும் இறைவன் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: கதவடியில் தள்ளக் குனிந்தபோது உன் அத்தான், "கண்ணு தெரியலைன்னுதானே அவனுக்கு ஆபரேஷன்? லெட்டரை யாருடி படிப்பா, பக்கத்து வீட்டுக்காரரா?" என்கிறார். அவர் சொல்வதில் எப்போதாவது ஒன்று சரியாக இருந்துவிடுகிறது. ஆகையால் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நிற்கிறேன். உள்ளே வந்து படித்துக் காட்டட்டுமா? சீக்கிரம் பதில் சொல்.